அளவு நோட்டும் நாக்கும்: புறம் பேசுவதை நிறுத்த நினைப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாக்கு மட்டும் ஒழுங்கில் இல்லை. அஸர் என்ற மாலைத் தொழுகைக்கும் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கும் நடுவில்தான் கடையில் கூட்டம். துணி கொடுக்க வருபவர்கள், வாங்க வருபவர்கள், சும்மா உட்காருபவர்கள். ஊரில் ஒரு வீட்டுக் கதையும் என் கட்டிங் மேசையைத் தாண்டாமல் போகாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், மாம்பழ சீசனில் ஒரு நாள், பேச்சுவாக்கில் ஒரு பெண்ணைப் பற்றி வந்தது. "நல்ல பொண்ணு. ஒரு தோள்தான் கொஞ்சம் தாழ்வு, பேட் வெச்சுத் தைக்கிறேன்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். வெட்டாமல் இருந்த தன் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "அளவு நோட்டுல என் பக்கத்தக் கிழிச்சுக் குடுத்துடுங்க ஆபா" என்றாள். ஆபா என்றால் அக்கா. கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று தொடங்கியது என் முயற்சி. எதெது குறுக்கே நின்றது, எது உதவியது என்று எழுதுகிறேன். உங்கள் கெட்ட பழக்கம் வேறாக இருந்தாலும் சிலது பொருந்தும்.

முதல் தடை, நான் செய்தது தப்பே இல்லை என்ற நினைப்பு. தோள் தாழ்வுதானே, பொய்யா சொன்னேன்? இமாம் முஸ்லிம் தொகுத்த நூலில் உள்ள ஹதீஸ், அதாவது நபிமொழி, இந்த வாதத்தை அப்படியே உடைக்கிறது. உன் சகோதரன் விரும்பாத ஒன்றை அவனைப் பற்றிச் சொல்வதுதான் புறம் என்று நபி (ஸல்) சொன்னபோது, சொன்னது அவனிடம் உண்மையாகவே இருந்தால் என்று கேட்டார்கள். இருந்தால்தான் புறம், இல்லாவிட்டால் அவதூறு என்று பதில் வந்தது. ஆக, 'உண்மையைத்தானே சொன்னேன்' என்பது நாமே கொடுக்கும் வாக்குமூலம்.

நபியவர்களின் மனைவியரில் ஒருவரான ஆயிஷா நாயகி, இன்னொரு மனைவியான ஸஃபிய்யா நாயகியைக் குள்ளம் என்று குறிப்புக் காட்டியபோது, அந்த ஒரு வார்த்தை கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்றார்கள் நபியவர்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நான் கடல் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைதான். அதன் கரையில் நின்று இந்த ஹதீஸை ஒருமுறை யோசித்துப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. உயரம், இடுப்பு, தோள் எல்லாம் எனக்குத் தொழில் கணக்கு. நம்பித்தான் ஒரு பெண் என் முன்னால் நிமிர்ந்து நின்று டேப் வைக்க விடுகிறாள். அந்த நோட்டு அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள், என்பது 14 வருடம் கழித்துத்தான் புரிந்தது. நீங்கள் நர்ஸாக இருந்தாலும், டீச்சராக இருந்தாலும், உங்கள் கையிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்த தப்பு, ஒரேயடியாக எல்லாவற்றையும் விடுகிறேன் என்று கிளம்பியது. அந்த வருட ரமலானில், தேவையில்லாமல் யாரிடமும் பேசுவதே இல்லை என்று நிய்யத் வைத்தேன். நாலு நாள் தாங்கியது. வந்தவர்கள் எனக்குக் கர்வம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஐந்தாம் நாள் சேர்த்து வைத்துப் பேசினேன். அமல்களில், அதாவது நற்செயல்களில், அல்லாஹ்வுக்கு மிகவும் பிடித்தது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் என்ற ஹதீஸை எத்தனை பயானில் கேட்டிருப்பேன்! எனக்கென்று வரும்போது மறந்துவிட்டது.

அப்புறம் சுருக்கினேன். அஸர் முதல் மஃரிப் வரை, கடைக்குள் மட்டும், யாருடைய உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை. அவ்வளவுதான். தவறினால், பழைய ஸ்பாஞ்சுத் துண்டில் ஒரு குண்டூசி குத்துவேன். முதல் நாள் மஃரிபு பாங்கு சொல்லும்போது எண்ணினேன், 11. இத்தனைக்கும் அன்று ஜாக்கிரதையாக இருந்ததாக நினைப்பு. நீங்களும் ஏதாவது ஒன்றை எண்ணுங்கள். மனக்கணக்கு வேண்டாம், மனசு எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். ஆறு மாதத்தில் உடம்புப் பேச்சு அநேகமாக நின்றது. அதற்குப் பிறகுதான் குடும்பச் சண்டை, வரதட்சணைக் கதை என்று அடுத்ததைத் தொட்டேன்.

நாம் நிறுத்தினாலும் எதிரில் இருப்பவர் ஆரம்பிப்பாரே, அதற்கு என்ன செய்வது? உபதேசம் செய்யாதீர்கள். "கீபத் பேசாதீங்க", அதாவது புறம் பேசாதீங்க என்று ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் வேறு கடைக்குப் போய் என்னைப் பற்றிப் பேசினார். வேலை கொடுப்பதுதான் நல்லது. பேச்சு சூடாகும்போது ஒரு பிளவுஸையும் ஊக்குப் பாக்கெட்டையும் நீட்டி, "இத கொஞ்சம் கட்டிக் குடுங்கக்கா" என்பேன். ஊக்குக் கட்டும்போது கண்ணும் கையும் துணியில் இருந்தாக வேண்டும், பேச்சு தானாக அறுந்துவிடும். இல்லாவிட்டால், பேசப்படுகிறவரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். தன் சகோதரனின் மானத்தைக் காப்பவரின் முகத்தை மறுமையில் அல்லாஹ் நரகத்திலிருந்து காப்பான் என்று திர்மிதி தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. "ஆனா அவங்க மாமியாரப் படுக்கையில வெச்சு மூணு வருஷம் பார்த்தாங்களே" என்று ஒரு வரி போதும், அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழாது.

கடையை விடக் கஷ்டம் போன். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் வரும். கேட்காமல் அழித்துவிடுகிறேன். அவசரமென்றால் கூப்பிடுவார்கள். ஒரு நிக்காஹ் தேதி மட்டும் அப்படித் தவறிப்போனது, வருத்தம்தான்.

பழகியவர்களின் கேலிக்கும் தயாராக இருங்கள். "என்ன ஆபா, ஹஜ்ஜுக்குப் போறீங்களா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே "துஆ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு பெடலை மிதியுங்கள். இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தடையை இப்போது சொல்கிறேன். தவறி விழுந்த பிறகு வரும் வெட்கம். நான் எங்கே திருந்தப் போகிறேன், எனக்கெதற்கு தஸ்பீஹ், இறைவனைத் துதிப்பது, என்று தோன்றும். இதை அடக்கம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், இது அவநம்பிக்கை. தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டவர்களைப் பார்த்துத்தான், அல்லாஹ்வின் ரஹ்மத்தில், அவன் கருணையில், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று குர்ஆனின் ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் சொல்கிறது. தவறிய அன்றே, சபை கலையும்போதே, "ஸுப்ஹானகல்லாஹும்ம வபிஹம்திக, அஷ்ஹது அன் லா இலாஹ இல்லா அன்த, அஸ்தஃக்ஃபிருக வஅதூபு இலைக்" என்று ஓதுங்கள். இறைவனைப் புகழ்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்கும் துஆ இது. கடையைப் பூட்டும்போது ஓதுவது எனக்கு இப்போது சாவியோடு சேர்ந்த பழக்கம்.

ஆனால் ஓதினால் மட்டும் தீராது, இதில் இன்னொருவரின் ஹக், அதாவது உரிமை, இருக்கிறது. அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், சொன்னால் அவர் மனம் மேலும் புண்படும் என்றால் அவருக்காக துஆ செய்து, எங்கே இழிவாகப் பேசினோமோ அங்கேயே அவரைப் பற்றி நல்லது பேச வேண்டும் என்றும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் இரண்டு கருத்து உண்டு. அந்தப் பெண்ணுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும், அதனால் வீட்டுக்கே போய்க் கேட்டேன். கதவருகில் நின்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரை தஹஜ்ஜத் என்ற பின்னிரவுத் தொழுகையில் அவள் பெயரைச் சொல்கிறேன்.

இதைக் கேட்டவர்கள், அப்படியானால் வாயையே திறக்கக் கூடாதா என்கிறார்கள். அப்படி இல்லை. அநியாயத்துக்கு ஆளானவர் முறையிடலாம். பெண் கேட்பவர் உண்மையாகவே விசாரித்தால் தேவையான அளவு சொல்லலாம். நபித்தோழி ஃபாத்திமா பின்த் கைஸ் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், அதாவது அடிக்கிறவர், முஆவியா பொருள் இல்லாதவர் என்று நபியவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். தீங்கு தடுக்கிற விஷயம், கேட்டவரிடம் மட்டும், தேவைக்கு மேல் ஒரு சொல் கூடாது. தோள் அளவு அதில் சேராது.

போன மாதம் ஓர் அம்மா வந்து, இன்னார் மகளைப் பார்க்கிறோம், எப்படி என்று கேட்டார்.

"பாக்கியைச் சொன்ன தேதியில் தருவாள். பெரியவர்களிடம் மரியாதை."

"ஆள் எப்படி? நிறம், உயரம்?"

"அதை நீங்க நேர்ல போய்ப் பார்த்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பாபினை மாட்டினேன்.