வட கனடாவில் வைரம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வைரம் தேடுபவர் முதலில் சறுக்குவது மண்ணைப் படிப்பதில்தான். வைரத்தைச் சுமந்து வரும் கிம்பர்லைட் பாறையில் சிவப்பு கார்னெட், பச்சை டயாப்சைடு போன்ற மணிகளும் இருக்கும். அவை சல்லடையில் விழுந்ததும் அங்கேயே துளைபோட ஆசை வரும். போடக் கூடாது. பனியுகத்துப் பனிப்பாளம் அந்த மணிகளைத் தாய்ப்பாறையிலிருந்து வெகுதூரம் இழுத்துவந்து கொட்டியிருக்கும். பாறைமேல் உள்ள கீறல்களைப் பார்த்து, பனி வந்த திசையை நோக்கிப் போக வேண்டும். அந்தப் பனியும் ஒரே திசையில் நகரவில்லை என்பதால் கடைசிக் கீறலை மட்டும் நம்பினால் வழி தப்பும்.

சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இரு புவியியலாளர்கள் 1980களில் மெக்கென்சி ஆற்றுப் பக்கம் கிடைத்த மணிகளைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தார்கள். லாக் டி கிரா ஏரிப் பகுதியைத் தாண்டியதும் மணிகள் அற்றுப்போயின. பலர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். உண்மையில் மணி அற்றுப்போகும் இடத்தை ஒட்டித்தான் தாய்ப்பாறை இருக்கும். எண்ணிக்கையிலும் மயங்கக் கூடாது: குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த கார்னெட் ஒரு பிடி கிடைப்பது, சாதாரண கார்னெட் ஒரு சாக்கு கிடைப்பதைவிட மேல்.

அடுத்த தவறு பங்குச் சந்தைக்காரர்களுக்குப் பிடித்தது. 1991இல் லாக் டி கிரா பகுதியிலுள்ள பாயின்ட் லேக்கில் 59 கிலோ பாறையிலிருந்து 81 சிறு வைரங்கள் கிடைத்ததாக அறிவித்ததும், நிலத்தில் முளையடித்து உரிமை கோர ஒரு கூட்டமே ஓடியது. ஆனால் 1998இல் எகாட்டி சுரங்கம் தொடங்கியது அங்கல்ல, பாண்டா என்ற வேறொரு குழாயில், அதாவது நிலத்துக்குள் குழாய்போல இறங்கும் கிம்பர்லைட்டில். பொடி வைரம் நம்பிக்கை தரும், விலையைச் சொல்லாது. டன் கணக்கில் பாறையை எடுத்து, காரட்டுக்கு என்ன விலை போகும் என்று மதிப்பிட்ட பிறகே சுரங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

வைரம் இருந்தாலும் போதாது. ஸ்னாப் லேக்கில் கிம்பர்லைட் சராசரியாக இரண்டரை மீட்டர் தடிமனில், ஏரிக்கு அடியில் சாய்ந்து போகிறது. உள்ளே நீர் ஊறிக்கொண்டே இருந்தது. 2008இல் திறந்த சுரங்கத்தை டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 2015இல் நிறுத்திவிட்டது.

போக்குவரத்துக் கணக்கிலும் கோட்டைவிடுகிறார்கள். உறைந்த ஏரிகள்மேல் போடும் குளிர்காலச் சாலை ஆண்டுக்கு இரண்டு மாதம்போலத்தான் திறந்திருக்கும். 2006இல் குளிர் குறைந்து சாலையைச் சீக்கிரம் மூட நேர்ந்ததால், மிச்சச் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவைத் தாங்கும் திட்டம்தான் திட்டம்.

துளையிட்ட பிறகு அங்குள்ள பூர்வகுடிகளான ட்லிச்சோ, டெனே மக்களிடம் போய்ப் பேசுவது என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கரிபூ மான் கூட்டம் நீரை எந்தக் குறுகலான இடத்தில் கடக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். சுரங்கக் கம்பெனிகளை அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. பிரதேசத் தலைநகரான யெல்லோநைஃபில் கைவிடப்பட்ட ஜயன்ட் தங்கச் சுரங்கத்துக்குள் 2,37,000 டன் ஆர்சனிக் நச்சுத் தூள் கிடக்கிறது. அதைக் காக்கும் செலவு அரசின் தலையில் விழுந்தது.