கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்

அறுப்புக் காலத்தில் கண் டாக்டரிடம் வருகிறவர்களின் கதை ஏறக்குறைய ஒன்றேதான். நெல் தூற்றும்போது உமி தெறித்திருக்கும், இல்லை சோளத் தோகை கீறியிருக்கும். முதல் நாள் தாய்ப்பால் விட்டிருப்பார்கள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில், "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு கொடுங்க தம்பி." பத்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு வந்து, "பூ விழுந்துடுச்சுங்களா டாக்டர்?" என்பார்கள்.

தாய்ப்பாலும் தவறுதான். பெரிய கேடு அந்தச் சொட்டில் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. விட்டதும் சிவப்பு குறையும், எரிச்சல் அடங்கும்; அடடா, நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் பயிர் பட்ட காயத்தில் பூஞ்சை வளரும் ஆபத்து அதிகம். அதற்கு ஸ்டீராய்டு உரம் போட்ட மாதிரி. அனுபவமுள்ள டாக்டர் புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் மருந்து எழுதுவார். பூஞ்சை என்றால் பெரும்பாலும் நேட்டமைசின் சொட்டு. ஆறுவதற்கு வாரக்கணக்காகும்.

பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும் இதே ரகம். கோடையில் கண் அரிக்கும் பையனுக்கு டாக்டர் இரண்டு வாரம் எழுதிய ஸ்டீராய்டு சொட்டை வீட்டில் மாதக்கணக்கில் விடுவார்கள். கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலியே இருக்காது. பார்வை நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்பாது.

சரி, டாக்டரே எழுதிய சொட்டு? கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனதைத் தூக்கிப் போடுங்கள்.

மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது. கையும் துண்டும்தான் பரப்பும்.

"புரை நல்லா முத்தட்டும்" என்று காத்திருப்பது சோடாபுட்டிக் கண்ணாடிக் காலத்து வழக்கம். உள்ளே லென்ஸ் வைக்கிற இந்தக் காலத்தில், முற்றிய புரை கல்லாக இறுகி ஆபரேஷனைத்தான் சிரமமாக்கும். கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடலாம். ஆபரேஷனுக்கு முன் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினைக்குப் போடும் டாம்சுலோசினைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதுவோ ஆபரேஷன் நேரத்தில் கண்மணியைச் சுற்றியுள்ள திரையை (ஐரிஸ்) தளர்த்திவிடும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார்.

விழித்திரை பார்க்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அன்று பைக்கில் தனியாகப் போகாதீர்கள். வண்டி ஓட்ட யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.