கைக்குழந்தையும் கைவேலையும்: முதல் ஆண்டில் தாய் தனக்கென நேரம் வகுத்துக்கொள்வது எப்படி?

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையோடு வீடு திரும்பியதும் அவளுடைய நாள் முற்றிலும் மாறிவிடுகிறது. குளிப்பாட்ட ஒருவர், பத்தியச் சமையலுக்கு ஒருவர், இரவில் தூக்கி வைத்துக்கொள்ள ஒருவர் என்று அங்கே பலர் பங்கிட்டுக்கொண்ட வேலைகள், இங்கே பெரும்பாலும் அவள் ஒருத்தியின் தலையில் விழுகின்றன. அப்போது முதலில் கைநழுவிப் போவது அவளுடைய பொழுதுபோக்கு, அடுத்தது தோழிகள். "குழந்தை கொஞ்சம் பெரிதாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நல்ல மனத்தோடுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தை பெரிதாவதற்குள் பள்ளிக்கூடம், வேலை, அடுத்த பிள்ளை என்று தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிடும். அளவைக் குறைத்துக்கொண்டாவது முதல் ஆண்டிலேயே விடாமல் தொடர்வதுதான் நல்லது. அதற்கான வழிகளை, நம் ஊர்ப் பெண்கள் பலர் திருமணத்துக்கு முன்பே கற்றுவைத்திருக்கும் ஆரி வேலையை (சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி முனை ஊசியால் நூலும் மணியும் கோத்துச் செய்யும் பூத்தையல்) முன்வைத்து இங்கே எழுதுகிறேன். ஊசியும் மணியும் புழங்கும் வேலை என்பதால், குழந்தை உள்ள வீட்டில் மிகுந்த கவனம் வேண்டியதும் அதுதான்.

எந்த நேரம் உங்களுடையது?

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அழுகை ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அதுவும் மாலை வேளைகளில்தான் அதிகம். ஆகவே முதல் இரண்டு மாதங்களில் கைவேலைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். பால் கொடுக்கும்போது காதுக்குப் பாட்டோ கதையோ கேட்டுக்கொண்டால் போதும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் தூக்கத்துக்கு ஓர் ஒழுங்கு வரத் தொடங்கும். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் குழந்தைகளுக்குத் தூக்கம் தேவைப்படுகிறது.

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், ஒரு வாரத்துக்குக் குழந்தை தூங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் குறித்து வாருங்கள். பல குழந்தைகளுக்குக் காலையில் விழித்த ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வரும் முதல் தூக்கம்தான் நாள் தவறாமல் வருகிறது. பிற்பகல் தூக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையான தூக்கத்தை உங்களுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் குழந்தை கண்ணயர்ந்ததும் பாத்திரம் துலக்கவும் துணி மடிக்கவும் ஓடுகிறோம். குழந்தை விழித்திருக்கும்போதும் பாத்திரம் துலக்கலாம், அடுத்தவரும் துலக்கலாம். உங்கள் கைவேலையை உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. ஆனால் முந்தைய இரவு சரியான தூக்கம் இல்லையென்றால் கைவேலையையும் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு ஆரி ஊசியைப் பிடித்தால் தையலும் கோணும், விரலும் குத்துப்படும்.

கிடைப்பது அரை மணி நேரம்தான் என்பதால், உட்கார்ந்த உடனே வேலை தொடங்கும்படி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். துணி சட்டத்தில் இழுத்துக் கட்டியபடி இருக்கட்டும். டிசைன் முந்தைய நாளே பதிக்கப்பட்டிருக்கட்டும். தேவையான பட்டு நூல் மட்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரவிக்கைக் கையின் ஓரத்தில் ஒரு வரிசைச் சங்கிலித் தையல் என்று அன்றைய வேலையைச் சிறிதாக வரையறுத்துக்கொண்டால், குழந்தை நடுவில் எழுந்தாலும் மனம் சலிக்காது.

வாய்விட்டுக் கேளுங்கள்

குழந்தை உள்ள வீட்டில் தாய்க்கு நேரம் வேண்டும் என்பதை மற்றவர்கள் தாமாகவே உணர்ந்து நடப்பார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். பொதுவாக "எனக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்பதாலும் பயன் இல்லை. எந்த வேலை, எந்த மணி முதல் எந்த மணி வரை, நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அத்தை, பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டேன். அஞ்சரை மணி வரைக்கும் நீங்க பாத்துக்கிறீங்களா? நான் மாடி ரூம்ல தச்சுட்டு இருக்கேன்" என்று கேட்டால், மறுப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். பேரக்குழந்தையோடு தனியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம் பாட்டிக்கும் மகிழ்ச்சிதான்.

கணவரிடம் கேட்கும்போது ஒரு முழு வேலையையே ஒப்படைத்துவிடுவது நல்லது. இரவு உணவுக்குப் பின் குழந்தையைத் துடைத்து, உடை மாற்றி, தூங்கவைப்பது அவர் பொறுப்பு என்று முடிவானால், அதன் பிறகு அருகில் நின்று திருத்தாதீர்கள். அவர் போடும் லங்கோடு சற்றே தளர்ந்திருந்தாலும் குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது. நீங்கள் குறுக்கிட்டால் வேலை மறுபடியும் உங்களிடமே வந்து சேரும்.

குழந்தையின் வயதுக்கு ஏற்ற கைவேலை

குப்புற விழாத குழந்தையைச் சற்றுத் தள்ளி ஒரு பாயில் படுக்கவைத்துவிட்டு, சட்டத்தின் முன் உட்கார்ந்து நூல் வேலை செய்யலாம். பளிச்சென்ற நூல் நிறங்களைக் குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். தூளியில் தூங்கினால் குழந்தை உங்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்; ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே ஊசி வேலை செய்யும் பழக்கம் கூடாது. குப்புற விழவும் எழுந்து உட்காரவும் தொடங்கிய பிறகு தூளியை விட்டுவிட்டு, கெட்டியான சமதள விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குங்கள்.

தவழத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். ஒன்பதாம் மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் திறமை குழந்தைக்கு வந்துவிடுகிறது. உங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு சர்க்கரை மணியை (தையலில் கோக்கும் மிகச் சிறிய கண்ணாடி மணி) அது பாயின் ஓரத்திலிருந்து துல்லியமாகப் பொறுக்கி, அதே கையோடு வாயில் போட்டுக்கொள்ளும். குந்தன் கல், சமிக்கி, கொக்கி, பட்டன் என்று ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். தையலுக்குப் பயன்படுத்தும் சிறிய எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் புண் உண்டாகத் தொடங்கிவிடும் என்பதால், அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த வகை விளக்கே வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த மாதங்களில் மணி கோக்கும் வேலையை, குழந்தை வேறு அறையில் தூங்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு மட்டுமே செய்யுங்கள். தையல் சட்டத்தின் கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் சிந்தும் மணிகள் அதன்மேலேயே விழும். முடித்ததும் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து எடுத்துவிடலாம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உருண்டோடிய கண்ணாடி மணிகள் தனித்தனியாக மின்னும். பிசைந்த கோதுமை மாவு உருண்டையைத் தரையில் ஒற்றி எடுத்தால் அவை அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஊசிகளை வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். கணக்கில் ஒன்று குறைந்தால் காந்தத்தைக் கொண்டு தேடி, அது கிடைக்கும்வரை குழந்தையை அந்த அறைக்குள் விடாதீர்கள். மணி டப்பாக்களை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.

குழந்தை விழித்திருக்கும் நேரத்துக்கு வேறு கைவேலையை வைத்துக்கொள்ளலாம். வெந்தயத்தை ஓர் அகலத் தட்டில் விதைத்தால் மூன்று நான்கு வாரங்களில் கீரையாகப் பறித்துவிடலாம். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே தண்ணீர் தெளிக்கலாம். பாட்டுக் கற்றவர்கள் குளிப்பாட்டும்போதும் தட்டித் தூங்கவைக்கும்போதும் வர்ணத்தையோ கீர்த்தனையையோ பாடிப் பழகலாம். வாசிப்பு விருப்பம் உள்ளவர்கள் தாங்கள் படிக்கும் வார இதழையே குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். அந்த வயதில் அதற்குத் தேவை உங்கள் குரல்தான்.

ஆரி வேலையில் தேர்ந்தவர்களிடம் கல்யாண ரவிக்கை கேட்டு ஆட்கள் வருவார்கள். முதல் ஆண்டில் தேதி குறித்த ஆர்டர் எதையும் ஏற்காதீர்கள், குறிப்பாகத் தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் மணப்பெண் வீட்டார் வாசலில் வந்து நின்றால், நீங்கள் ஆசையாகச் செய்த வேலை அன்றோடு கசந்துவிடும்.

தோழிகள்

குழந்தை பிறந்ததும் பழைய தோழிகள் விலகிப்போவதற்குப் பெரும்பாலும் தயக்கமே காரணம்; எப்போது அழைப்பது, தூக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று அவர்கள் யோசித்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் போக்க வேண்டும். "காலையில் பத்து மணி முதல் பதினொரு மணி வரை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்" என்று ஒரு குரல்பதிவு அனுப்பிவிடுங்கள். அவர்கள் வீட்டுக்கு வந்தால் பலகாரம் செய்து உபசரிக்கத் தொடங்காதீர்கள். வந்தவர் கை கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டே தையுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வேறொரு நாள் வரட்டும். குழந்தையின் முகத்தில் முத்தமிட வேண்டாம் என்பதை யாரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

புதிய தோழிகள் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தடுப்பூசி 6, 10, 14 வாரங்களிலும் பிறகு ஒன்பதாம் மாதத்திலும் போடப்படுகிறது. ஆகவே உங்கள் குழந்தையின் வயதையொத்த குழந்தைகளோடு அதே தாய்மார்கள் அதே வரிசையில் மறுபடி மறுபடி வந்து நிற்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாகப் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். ஆறாவது வாரத்தில் ஒரு புன்னகை, பத்தாவது வாரத்தில் பெயரும் ஊரும், பதினான்காவது வாரத்தில் கைப்பேசி எண் என்று அந்த நட்பு இயல்பாகவே வளரும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் இன்னொரு தாயின் பேச்சில் கிடைக்கும் ஆறுதல் வேறு எங்கும் கிடைப்பதில்லை.

வெளியே சந்திக்க வேண்டுமானால் செலவில்லாத இடங்கள் இருக்கின்றன. சென்னையில் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதிகள் உள்ளன. கோடையில் அந்தக் குளிர்ச்சியே பெரிய உதவி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2015-இல் தொடங்கி அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டன. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அந்த அறை எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன், காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்வது நலம்.

குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தோழியைப் பார்க்கப் போவதிலும் குற்றம் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே உணவு என்பதால், பாலைப் பீச்சி எடுத்துச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் புறப்படலாம். 25 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் கெடாது. நம் ஊர் வெயிலை அப்படி நம்ப முடியாது, ஆகவே உடனே குளிர்சாதனப் பெட்டியின் உள்பகுதியில் வையுங்கள். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டுமே தவிர, அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு; 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரும் உரிமையும் உண்டு.

பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நேர்வதுதான். ஆனால் அந்தக் காலம் கடந்த பிறகும் ஊசியைக் கையில் எடுக்க மனமே இல்லை, தோழியின் அழைப்பைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சோம்பலும் அல்ல, தாயாக இருக்கத் தகுதியில்லை என்பதன் அடையாளமும் அல்ல. மருத்துவம் தேவைப்படும் உடல்நிலை. கட்டணமில்லா 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்த நேரமும் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காமல் அருகில் உள்ளவரை உடனே கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது தோழி ஒருத்தியை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் உள்ளே பேசும்வரை அவள் குழந்தையை வைத்துக்கொள்வாள். பால் கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன.