சுருக்கிச் சொன்னால் என்ன தப்பு? நாடுகளின் பட்டப்பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு அலுவலகத்தில் ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் போட வேண்டும். ஜப்பானுக்கு ஜே, ஏ, பி என்று ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையே போட்டுவிட்டேன். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜப்பானியர். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் கோப்பைத் திறந்தால் எல்லா இடத்திலும் ஜே, பி, என் என்று மாறியிருந்தது. சர்வதேசக் குறியீடு அதுதான் என்று தெரிந்துகொண்டேன். அவர் ஏன் இரவோடு இரவாக உட்கார்ந்து திருத்தினார் என்பது புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

ஜே, ஏ, பி சேர்ந்தால் வரும் 'ஜாப்' என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சுவரொட்டிகளிலும் செய்தித் தலைப்புகளிலும் வசையாகவே புழங்கிய சொல். 1942-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். டெக்சாஸில் அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு சாலை இருந்தது. அங்கே நெல் பயிரிட வந்த ஒரு ஜப்பானியரைக் கௌரவிக்கத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். வைத்தவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் அந்தச் சொல்லை வைத்து என்னென்ன நடந்தது என்பதை அந்தச் சாலையில் போகும் ஜப்பானியர் மறக்க முடியுமா? கடைசியில் 2004-இல் பெயரை மாற்றினார்கள்.

'நான் சும்மா சுருக்கித்தானே சொன்னேன்' என்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தியா - பாக்' என்று கிரிக்கெட் செய்தியில் எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதோடு ஓர் இகரம் சேர்ந்து 'பாக்கி' ஆகிவிட்டால் கதையே வேறு. 1960களிலும் 70களிலும் பிரிட்டன் தெருக்களில் தெற்காசியர்களைத் துரத்தித் துரத்தி அடித்தவர்கள் கத்திக்கொண்டு வந்த சொல் அது. அடி வாங்கியவர்களில் இந்தியர்களும் வங்காளதேசத்தவரும் உண்டு. அடித்தவர்கள் கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டு அடிக்கவில்லை. 2002 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் பேச்சுவாக்கில் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். அவமதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று வெள்ளை மாளிகை விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவது அடுத்த தவறு. 'இதன் பொருள் இதுதான், இதில் என்ன கெட்டது இருக்கிறது?' என்பார்கள். ஜப்பானிய மொழியில் சீனாவைக் குறிக்க 'ஷினா' என்று ஒரு சொல் உண்டு. சமஸ்கிருதத்திலிருந்து பௌத்த நூல்கள் வழியாகப் போனது. நம்முடைய 'சீனா'வுக்கும் அதே வேர்தான். பொருளில் துளி விஷம் கிடையாது. ஆனால் சீனாவின் மீது ஜப்பான் படையெடுத்த காலத்தில் அந்தச் சொல் ஏளனத்தோடு புழங்கியதால், இன்றும் சீனர்கள் காதில் அது குத்துகிறது. போர் முடிந்த பிறகு, 1946-இல், அதைத் தவிர்க்கும்படி ஜப்பானிய வெளியுறவு அமைச்சகமே அறிவுறுத்தியது. தமிழில் நாம் 'சீனா' என்றால் எந்தச் சீனரும் வருந்தப்போவதில்லை. வேர் ஒன்றுதான், பட்ட காயம் வேறு.

சரி, அப்படியென்றால் எல்லாப் பட்டப்பெயரையும் விட்டுவிட வேண்டுமா? அதுவும் தவறுதான் என்பேன். நியூசிலாந்துக்காரர்கள் தங்களைக் 'கிவி' என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறார்கள். நாம் சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஏற்பார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு 'ஆஸி' அப்படித்தான். கனடியர்களைக் குறிக்கும் 'கனக்' என்ற சொல் வான்கூவரின் ஐஸ் ஹாக்கி அணிக்கே பெயராகிவிட்டது. சிங்கப்பூரைச் 'சிங்கை' என்று அங்குள்ள தமிழர்களே செல்லமாக எழுதுகிறார்கள். இவற்றையெல்லாம் பார்த்துப் பயந்து ஒதுங்கினால் நட்பான பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

'யாங்கி' கொஞ்சம் சிக்கலானது. பிரிட்டிஷ் படையினர் கிண்டலாகச் சொன்னதை, சுதந்திரப் போரின்போது அமெரிக்கர்கள் தங்கள் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'யாங்கி' என்றால் வடக்கத்தியர். உள்நாட்டுப் போரின் கசப்பு ஒட்டியிருக்கும் அந்தப் பெயரால் ஒரு தெற்கத்தியரைக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் சொல்லிக்கொள்கிறார் என்பதற்காக நாட்டில் எல்லோருக்கும் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

துறைச்சொல் என்ற போர்வையில் வருபவையும் உண்டு. போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'பன்றிகள்' என்று பொருள்படும் ஒரு சுருக்கத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் பயன்படுத்தி வந்தார்கள். கடன் நெருக்கடியில் வேலையும் சேமிப்பும் பறிபோன மக்களைப் பற்றிய பேச்சு அது. கிரிக்கெட்டில் இடக்கை மணிக்கட்டுச் சுழலுக்குச் சொல்லிவந்த 'சைனாமேன்' என்ற பெயரை விஸ்டன் ஆண்டுமலர் 2018-இல் கைவிட்டது. பந்து சுழல்வது நிற்கவில்லை.

நம் மொழியில் நாமே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'சீனாக்காரன் என்ன செய்தான் தெரியுமா', 'ஜப்பான்காரன் கில்லாடி' என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். பாராட்டும்போதுகூட 'அவன்'தான். ஒரு மருத்துவரைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ இப்படி எழுதுவோமா? பேச்சில் பழக்கம் காரணமாக வருவது புரிகிறது. எழுத்திலாவது 'சீனர்', 'ஜப்பானியர்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? இப்போதெல்லாம் அங்கே தமிழ் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், படிக்கிறார்கள்.

யாராவது 'அந்தச் சொல் வேண்டாம்' என்று சொன்னால் விளக்கம் கொடுக்கக் கிளம்புவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. நானும் அதைச் செய்தேன். அந்த ஜப்பானிய நண்பரிடம் போய், முதல் மூன்று எழுத்துகளைத்தான் எடுத்தேன், மற்ற நாடுகளுக்கும் அப்படியே போட்டிருக்கிறேன் என்று நீளமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். 'மன்னியுங்கள், தெரியவில்லை' என்ற இரண்டே சொற்களை நான் சொன்னது அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான். அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.