பயன்படுதன்மை மதிப்பீடு: உங்கள் செயற்றிட்டத்துக்குப் பொருத்தமான முறையைத் தெரிவுசெய்வது எப்படி?

செயலிகளையும் கருவிகளையும் மனிதர் கையாளும் விதத்தை வடிவமைக்கும் இடைவினை வடிவமைப்பைப் பாடமாகப் பயிலும் யாழ்ப்பாண மாணவர்களின் செயற்றிட்ட அறிக்கைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வடிவமைப்பு அத்தியாயம் வரை உழைப்புத் தெரியும். மதிப்பீட்டு அத்தியாயத்துக்கு வந்ததும் பெரும்பாலானவை ஒன்றுபோலாகிவிடும்: கூகுள் படிவத்தில் ஒரு வினாக்கொத்து, அதை வாட்ஸ்அப் குழுவில் நிரப்பிக் கொடுத்த வகுப்பு நண்பர்கள், 'பெரும்பாலானோர் திருப்தி' என்று காட்டும் ஒரு வட்ட வரைபு. முறையை முதலில் தெரிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற கேள்வியைப் பிறகு தேடுவதால்தான் இப்படி நேர்கிறது. கேள்வியிலிருந்து முறைக்கு வருவது எப்படி என்பதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புறப்படும் படகுகளின் நேரத்தை அறிவிக்கும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை வைத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

'எங்கள் செயலி நன்றாக இருக்கிறதா?' என்பதற்கு எந்த முறையும் விடை தராது. ஐஎஸ்ஓ 9241-11 என்னும் சர்வதேச நியமம் பயன்படுதன்மையை (usability) மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பயனர் தம் நோக்கத்தைச் சரியாக நிறைவேற்றினாரா என்பது விளைதிறன், அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் செலவாயின என்பது வினைத்திறன், மூன்றாவது திருப்தி. குறித்த பயனர், குறித்த நோக்கம், குறித்த சூழல் ஆகியவற்றைச் சொல்லாமல் இவற்றுள் எதையும் பேச இயலாது என்பதே அந்த வரையறையின் உயிர்நாடி. ஆகவே, 'தீவுப் பாடசாலைக்கு நாள்தோறும் போய்வரும் ஓர் ஆசிரியர், இறங்குதுறையில் நின்றபடி, அடுத்த படகின் நேரத்தை உதவியின்றிக் கண்டுபிடிக்கிறாரா?' என்று எழுதுங்கள். இது விளைதிறன் பற்றிய கேள்வி என்பதும், வினாக்கொத்தினால் இதற்கு விடை கிடைக்காது என்பதும் உடனே புலப்படும்.

படி 2: வடிவமைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு வேறு, முடிந்த ஒன்றை அளப்பதற்காகச் செய்யும் மதிப்பீடு வேறு. திரைகளைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கும் கட்டத்தில் விநாடிக் கணக்கைக் குறிப்பதில் பயனில்லை, ஏனெனில் தாள்களை மாற்றி வைக்கும் உங்கள் கையின் வேகமே அங்கு அளக்கப்படும். மாணவச் செயற்றிட்டங்களில் பெரும்பாலானவை திருத்தும் கட்டத்திலேயே இருப்பதால், பிரச்சினைகளைக் கண்டுபிடிக்கும் முறைகளையே முதலில் நாடுங்கள்.

படி 3: பயனரை அழைப்பதற்கு முன்னர் நீங்களே பரிசோதியுங்கள்

குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறிப் போய், முன்பின் அறியாத ஒருவரின் கால்மணி நேரத்தைக் கேட்டுப் பெற்றபின், 'திரும்பு' பொத்தானே இல்லை என்று அறிவது அவருடைய நேரத்தையும் உங்களுடைய நேரத்தையும் வீணாக்குவதாகும். அத்தகைய குறைகளைப் பயனர் இல்லாமலே பிடிக்க இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது ஹியூரிஸ்டிக் மதிப்பீடு. பயன்படுதன்மை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் முன்வைத்த இம்முறையில், பொது விதிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரையையும் சோதிக்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் 10 விதிகளை நீல்சன் 1994இல் செம்மைப்படுத்தினார். மூவர் முதல் ஐவர் வரை போதும். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே சோதித்து முடித்த பின்னரே குறிப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும். சேர்ந்திருந்து பார்த்தால் முதலில் பேசியவரின் கருத்தே எல்லோருடைய கருத்துமாகிவிடும். கண்ட குறைகளுக்கு 0 முதல் 4 வரை பாரதூரத்தின்படி புள்ளியிட்டு, 3, 4 பெற்றவற்றை முதலில் திருத்துங்கள். இன்னொரு குழுவினரின் செயலியை நீங்கள் சோதிக்க, உங்களுடையதை அவர்கள் சோதிப்பது நல்ல ஏற்பாடு.

இரண்டாவது கொக்னிட்டிவ் வோக்த்ரூ: பயனரின் இடத்தில் உங்களை வைத்து, ஒரு பணியைச் செயல் செயலாக நடத்திப் பார்ப்பது. முதல் தடவையாக வரும் ஒருவர் வழிகாட்டல் இன்றித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்வாரா என்பது உங்கள் கேள்வியானால் இதுவே பொருந்தும். ஒவ்வொரு செயலிலும் நின்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் செய்யவேண்டும் என்று பயனருக்குத் தோன்றுமா? அதற்கான பொத்தான் கண்ணில் படுமா? தாம் நினைத்ததைச் செய்வது அதுதான் என்று விளங்குமா? அழுத்திய பின், சரியான வழியில் போகிறோம் என்பது தெரியுமா?

படி 4: உண்மையான பயனர்களிடம் செல்லுங்கள்

இந்தப் படியை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். ஏன் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

இதைப் போன்ற ஒரு செயலியின் மாதிரியைச் சோதிக்க மாணவர் ஒருவருடன் இறங்குதுறைக்குப் போயிருந்தேன். முதல் திரையில் 'முனையத்தைத் தெரிவுசெய்க' என்று எழுதியிருந்தது. நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்த ஓர் அம்மாவின் விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வெயில் பட்டுத் திரை மங்கியதால் முந்தானையால் மறைத்து இன்னொரு தடவை வாசித்தார். "பிள்ளை, முனையெண்டால் எந்த முனை? நான் குறிகட்டுவானிலை தானே நிக்கிறன்?" என்று கேட்டார். மாணவர் பொறுக்கமாட்டாமல், "அதைத்தான் அம்மா, அமத்துங்கோ" என்று சொல்லிவிட்டார். அடுத்த திரைகள் எல்லாம் மாணவருடைய வழிகாட்டலிலேயே நகர்ந்தன. முடிவில் அம்மா, "நல்ல வடிவாச் செய்திருக்கிறியள் தம்பி" என்று வாழ்த்தினார். வினாக்கொத்தைக் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருப்பார். அந்தத் திரையின் குறை அவருடைய விரல் நின்ற இடத்தில் மட்டுமே இருந்தது. பின்னர் அந்தச் சொல் 'எங்கிருந்து?' என்று மாற்றப்பட்டது.

நினைப்பதை வாய்விட்டுச் சொல்லியபடி பயன்படுத்தச் செய்யும் திங்க் அலவுட் முறை இதற்கு மிகவும் ஏற்றது. ஆயினும் எங்கள் ஊரில், அந்நியர் முன்னிலையில் தனியே பேசிக்கொண்டிருக்கப் பலர் கூச்சப்படுவர். படிக்கிற பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று குறைகளையும் சொல்லமாட்டார்கள். அதனால் ஒருவரையொருவர் நன்கு அறிந்த இருவரிடம் ஒரு கைத்தொலைபேசியைக் கொடுத்துச் சேர்ந்து செய்யச் சொல்வதையே நான் பரிந்துரைப்பேன். "இதை அமத்திப் பார்", "இல்லையடி, அது மற்றது" என்று அவர்கள் தமக்குள் இயல்பாகப் பேசுவதே உங்களுக்குத் தேவையான தரவு.

தொடங்குமுன் அனுமதி பெறுங்கள்; குரலைப் பதிவதானால் அதையும் தனியாகக் கேளுங்கள். 'நாங்கள் சோதிப்பது செயலியைத்தான், உங்களை அல்ல' என்பதை மறவாமல் சொல்லுங்கள். 'படகு நேரத் திரைக்குப் போங்கள்' என்னாமல், 'நாளைக் காலை ஒன்பது மணிக்கு நெடுந்தீவில் நிற்கவேண்டும், என்ன செய்வீர்கள்?' என்று பணியைக் கொடுங்கள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு மௌனமாக இருங்கள்.

எத்தனை பேர் தேவை? ஒரு பயனர் சராசரியாக 31 வீதமான பிரச்சினைகளை வெளிப்படுத்துகிறார் என்று நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993இல் கணித்தனர். அதன்படி ஐவரிடம் ஏறத்தாழ 85 வீதம் வெளிப்படும். இது ஒரே வகையான பயனர்களுக்கு உரிய சராசரி மட்டுமே. எங்கள் செயலிக்கு நாளாந்தப் பயணிகள் ஒரு வகையினர். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு வருவோர் இன்னொரு வகையினர். அதே தீவின் நாக விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் மூன்றாம் வகையினர். ஒவ்வொரு வகையிலும் மூவர் அல்லது நால்வரைத் தேடுங்கள். ஆள்கள் கிடைக்காவிட்டால் படி 1இல் எழுதிய கேள்வியைச் சுருக்கி, ஒரு வகையினருக்கு மட்டும் என்று நேர்மையாக வரையறுத்துவிடுங்கள்.

படி 5: எண் தேவையானால் மட்டும் வினாக்கொத்து

மேற்பார்வையாளர் ஓர் எண்ணை எதிர்பார்த்தால், சொந்தமாகக் கேள்விகளை இயற்றாமல், ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (System Usability Scale) என்னும் வினாக்கொத்து அளவுகோலைப் பயன்படுத்துங்கள். அதில் 10 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை விடை. ஒற்றை எண் கூற்றுகளின் விடையிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டை எண் கூற்றுகளின் விடையை 5இலிருந்து கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். ஒற்றைக் கூற்றுகளுக்கு 4, 4, 3, 4, 5 என்றும் இரட்டைக் கூற்றுகளுக்கு 2, 1, 2, 3, 2 என்றும் ஒருவர் விடையளித்தால், 15உம் 15உம் சேர்ந்து 30, பெருக்கினால் 75. இது 75 வீதம் அல்ல. சராசரி 68 என்று கொள்ளப்படுவதால் அதைவிடச் சற்று மேலானது என்பதே பொருள். இரட்டைக் கூற்றுகள் எதிர்மறையானவை என்பதால், தமிழாக்கி வாய்மொழியாக வாசித்துக் கேட்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நிறுத்துங்கள். இதைப் பணிகள் முடிந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

படி 6: ஒத்திகை பாருங்கள், பின்னர் எழுதுங்கள்

வீட்டில் உள்ள ஒருவரிடம் முழுவதையும் ஒரு தடவை நடத்திப் பாருங்கள்; பணியை விளக்கும் வசனங்களில் உள்ள குழப்பம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அந்தத் தரவை முடிவுகளில் சேர்க்காதீர்கள். அறிக்கையில், தெரிவுசெய்த ஒவ்வொரு முறைக்கும் எந்தக் கேள்விக்காக அதைத் தெரிவுசெய்தீர்கள் என்று ஒரு வசனமும், கைவிட்ட முறைகளுக்கு ஏன் கைவிட்டீர்கள் என்று ஒரு வசனமும் எழுதுங்கள். கண்ட குறை, அதைக் காட்டிய சான்று, செய்த திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக இடுங்கள். திருத்திய மாதிரியை மறுபடியும் சோதிக்கும்போது, முன்பு பங்குபற்றியவர்களை விட்டுப் புதியவர்களையே அழையுங்கள்.