க்ளோசபின்: மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் நேரும் தவறுகள்

மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்தும் குணம் தெரியாதபோதுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் க்ளோசபினுக்கு வருவார்கள். மற்றவை கைவிட்ட இடத்தில் வேலை செய்யும் மருந்து இது. ஆனால் வேளை தவறாமல் கொடுத்தால் மட்டும் போதாது.

பீடி, சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் புகை கல்லீரலைத் தூண்டி, க்ளோசபினை வேகமாகக் கரைத்து வெளியேற்றும். புகைப்பவருக்குத் தேவையான அளவு அதனாலேயே கூடுதலாக இருக்கும். அவர் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரே நாளில் பீடியை விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். மாத்திரை அதேதான்; ஆனால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறிவிடலாம். எழுப்ப முடியாத தூக்கம், தலையணை நனையும் அளவுக்கு எச்சில், தள்ளாட்டம், சில சமயம் வலிப்பு. விரதம் முடிந்து மறுபடி பற்றவைத்தால் அளவு இறங்கி, அடங்கியிருந்த குரல்கள் திரும்பக் கேட்கும். இந்த வேலையைச் செய்வது புகைதான், நிக்கோட்டின் அல்ல. ஆகவே நிக்கோட்டின் சூயிங்கம் மெல்வது புகைக்கு ஈடாகாது. புகையை விடுவது நல்லதுதான். விடப்போகும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அளவைக் குறைத்துக்கொண்டு விடுங்கள்.

அடுத்தது இடைவெளி. ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போகிறது. திரும்பி வந்ததும் பழைய 300 மில்லிகிராமை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கடைசி வேளை போட்டு 48 மணி நேரம் தாண்டிவிட்டால் இது ஆபத்து: ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கலாம், இதயமே நின்றுபோகவும் கூடும். மருத்துவரிடம் பேசி, முதல் நாள் போட்ட 12.5 மில்லிகிராமிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும். போட்ட தேதியையும் நேரத்தையும் மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்தால் இந்தக் கணக்கில் குழப்பம் வராது. நோயாளிக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் இந்த மருந்துக்கு அறவே கூடாது. எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்றே தெரியாது. தலைசுற்றினால் ஏன் என்று அவருக்கும் புரியாது.

ரத்தப் பரிசோதனை ஏன் இத்தனை முறை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து பலர் இறந்தார்கள். ரத்தத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1989இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்பது இங்கே பரவலான முறை. ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை, 4,200 என்று இருந்தால் ‘நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது நியூட்ரோபில், அதாவது தொற்றை எதிர்த்து நிற்கும் வெள்ளணு வகை. அது 34 சதவீதம் என்றால், 4,200இல் 34 சதவீதம் 1,428. இந்த எண் 1,500க்குக் கீழே வந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தாலும் அதே அவசரம்தான். பாரசிட்டமால் போட்டுவிட்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது; அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் க்ளோசபினின் அளவை ஏற்றிவிடும். கடுமையான தொற்றேகூட ஏற்றும். முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சும்மா இருக்கும்போதே படபடப்பு என்றால் இதயத்தசை வீக்கமாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் யாரும் கேட்காத கேள்வி, மலம் போனதா என்பது. க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கும். அடைப்பு முற்றி உயிர் போனவர்கள் உண்டு. கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். நோயாளி தானாகச் சொல்லமாட்டார், தினமும் கேட்க வேண்டும். வாழைப்பழத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம்; மலமிளக்கியை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் போகவில்லை என்றாலே மருத்துவருக்குச் சொல்லுங்கள். வயிறு உப்பி, வலியோடு வாந்தியும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.