சிறு பதிப்பகத்துக்குப் பிரதி அனுப்புவது முதல் மெய்ப்பு வரை: புதியவர்களுக்கான செய்முறை

சிறு பதிப்பகத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பிரதியை வாசிப்பவரே எடிட் செய்வார், அட்டைக்கு ஓவியரிடம் பேசுவார், கணக்கும் பார்ப்பார். அங்கே வேலை முடங்குவதற்கு எழுத்தின் தரத்தைவிட, எந்தக் கோப்பு கடைசிக் கோப்பு என்று இரு தரப்புக்கும் தெரியாமல் போவதுதான் அதிகக் காரணம்.

1. அனுப்புதல்

முழுப் பிரதி வேண்டுமா, முதல் 3 அத்தியாயங்கள் போதுமா என்று பதிப்பகத்தின் விதிகளில் பாருங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் யூனிகோடில் அடித்த வேர்டு கோப்பு, 12 பாயின்ட் எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண் போதும். கேட்டாலொழிய பி.டி.எஃப். வேண்டாம், அதில் எளிதாகத் திருத்த முடியாது.

பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியிருந்தால், ஔ, ஸ்ரீ, க்ஷ, கொம்பு வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகப் பிரிந்து கிடப்பது சகஜம்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் வகை, தலைப்பு, பெயர், சொல் எண்ணிக்கை. கூடவே ஒரு பக்கக் கதைச்சுருக்கம். அதில் முடிவையும் சொல்லிவிடுங்கள், “பிறகு என்ன ஆனது?” என்று நிறுத்துவது பின்னட்டைக்கு உரியது.

2. காத்திருத்தல்

பதிப்பகம் சொன்ன காலம் முடிந்த பிறகு ஒரு நினைவூட்டல். காலம் சொல்லாவிட்டால் 3 மாதம் பொறுக்கலாம். ஒரே நேரத்தில் வேறு இடங்களுக்கும் அனுப்ப விதி இடம்தந்தால் அதை முதல் மடலிலேயே சொல்லுங்கள். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்ற இடங்களிலிருந்து அன்றைக்கே திரும்பப் பெறுங்கள்.

3. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

உரையிலும் தலைப்பிலும் மாற்றம் செய்யும்போது கடைசிச் சொல் யாருடையது? அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளில் எவற்றைக் கேட்கிறார்கள்? பிரதிகள் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் “உங்களைக் கேட்காமல் மாற்ற மாட்டோம்” என்பது கணக்கில் வராது.

4. எடிட் செய்த பிரதி வந்ததும்

வந்த கோப்பைத் தொடாமல் சேமியுங்கள். அதன் நகலுக்கு ‘தலைப்பு_எடிட்1_பதில்’ என்பதுபோல் எண்ணோடு பெயர் வையுங்கள். ‘இறுதி’ என்று பெயர் வைத்தால் நான்காம் நாளே ‘இறுதி_புதியது’ வந்துவிடும்.

ட்ராக் சேஞ்சஸ், அதாவது செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தடம் தெரியக் காட்டும் வேர்டு வசதி, ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எடிட்டர் தடம் தெரியாமல் திருத்தி அனுப்பியிருந்தால், வேர்டின் ‘கம்பேர்’ வசதியில் உங்கள் பழைய கோப்பையும் இதையும் கொடுத்தால் வித்தியாசங்கள் தெரியும்.

முதல் வாசிப்பில் எதையும் தொடாதீர்கள். கோபம் வருவது இயல்பு, ஒரு நாள் போகட்டும். பிறகு பெரிய விஷயங்களிலிருந்து தொடங்குங்கள்: அத்தியாயம் இடம் மாறுவது, பாத்திரத்தை நீக்குவது. நாளைக்கு வெட்டப்போகும் பத்தியில் இன்றைக்குக் கால்புள்ளி சரிபார்ப்பது வீண் உழைப்பு.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழைகளை விரைவாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேல் என்ற ஆயுதத்தைத் தந்தான். ஒரு ‘க்’ போதும், பொருள் மாற.

மறுக்கும்போது காரணத்தையும் எழுதுங்கள். பாட்டியின் “வந்துட்டுப் போ”வை எடிட்டர் “வந்துவிட்டுப் போ” என்று மாற்றியிருந்தால், அந்த இடத்தில் இப்படிக் குறிப்பு போடுங்கள்: “பாட்டி எங்கும் பேச்சுமொழிதான். 2, 5, 9ஆம் அத்தியாயங்களிலும் அப்படியே விடவும்.” வெறும் ‘வேண்டாம்’ என்றால் அடுத்த சுற்றில் அதே திருத்தம் திரும்பி வரும். இன்னொன்று: எடிட்டர் எழுதிய மாற்று வரி உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் அவர் தடுக்கி விழுந்த இடம் உண்மையான இடம். பழையதும் வேண்டாம், அவருடையதும் வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒன்று எழுதுங்கள்.

பாத்திரப் பெயரை மாற்றும்போது ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். ‘மணி’யைக் ‘குமார்’ ஆக்கினால் ‘மணிக்கட்டு’ ‘குமார்க்கட்டு’ ஆகிவிடும். எதிர்ச் சிக்கலும் உண்டு: ‘கண்ணன்’ என்று தேடினால் ‘கண்ணனை’, ‘கண்ணனுக்கு’ கிடைக்காது, ஏனெனில் அங்கே புள்ளி இல்லை. ‘கண்ண’ என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கோயிலா கோவிலா, எண்ணா எழுத்தா என்பது போன்றவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கோப்போடு அனுப்புங்கள். பதில்களைத் துண்டு துண்டாக வாட்ஸப்பில் அனுப்பாமல், ஒரே கோப்பாக ஒரே மடலில் அனுப்புங்கள்.

5. மெய்ப்பு

இது பக்க வடிவமைப்பு முடிந்த பிரதி. மறுபடி எழுதும் இடம் அல்ல. புத்தகங்கள் பொதுவாக 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் 16 பக்கங்கள் சேர்ந்து வரும்படி, அச்சாகும். 160 பக்கம் என்றால் சரியாக 10 பாரம். நீங்கள் நடுவில் சேர்த்த மூன்று வரி கடைசிப் பக்கத்தை 161க்குத் தள்ளினால் ஒரு பக்கத்துக்காகப் புதிய பாரம் தேவைப்படும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அதே பத்தியில் அதே அளவு வெட்டுங்கள்.

தாளில் அச்செடுத்துப் படியுங்கள். தலைப்புகளையும் பொருளடக்கப் பக்க எண்களையும் தனியாக ஒரு சுற்று பாருங்கள். திருத்தங்களை இப்படிக் குறியுங்கள்: “பக்கம் 47, மேலிருந்து 6ஆம் வரி, ‘வந்தன்’ என்பதை ‘வந்தான்’ என மாற்றவும்.”

இரண்டாம் மெய்ப்பில் திருத்திய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். திருத்தும்போது வரி தொலைவது அங்கேதான். சரியாக இருந்தால் கோப்பின் முழுப்பெயரைக் குறிப்பிட்டு ‘அச்சுக்கு அனுப்பலாம்’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள்.